நான் ஏன் எப்போதும் இடப்பக்கம் நடக்கிறேன்

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நீ எங்கேயும் பார்த்திருக்க மாட்டாய். வாயால் சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நாலாவது வார்த்தையில் எனக்குக் கோபம் வரும், ஐந்தாவது வார்த்தையில் உனக்கு வரும், ஆறாவது வார்த்தைக்கு உன் மனைவி வந்து “மாமா, மாத்திரை சாப்டீங்களா?” என்று கேட்பாள். இந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. எழுத்தில் குறுக்கே வர ஆள் இல்லை. முழுவதையும் படி. பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

போன வாரம் குமரனின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். “சும்மா வாங்கப்பா, காத்தாட” என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாய். தலைமையாசிரியர் சொன்னதை நீ எவ்வளவு கேட்டாய் என்று தெரியாது, நான் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். உன் மகனும் அவன் கூட்டாளிகளும் கழிவறையில் ஒரு பையனை நிற்கவைத்து, அவன் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பையனுக்குத் திக்குவாய். ஒவ்வொரு முறை திக்கும்போதும் கன்னத்தில் ஒரு அறை. அறைந்தவன் குமரன். சுற்றி நின்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு காதில் இரைச்சல் இன்னும் நிற்கவில்லையாம். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “சார், பசங்கன்னா அப்படித்தான் சார். நாம படிக்கும்போது அடிச்சுக்காததா? நானே நல்ல டாக்டரா பார்த்துக் காட்டிடறேன்” என்றாய். அவருக்கும் அது தோதாக இருந்தது. கை குலுக்கிக்கொண்டீர்கள். வெளியே வந்ததும் குமரன் தலையில் செல்லமாகத் தட்டி, “ஏன்டா, மாட்டிக்கிற மாதிரியா செய்வ?” என்று சிரித்தாய். அவனும் சிரித்தான். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஆயர் குரோவில் நம் வீடு வந்து சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன வயதில் நீ ஒன்று கேட்பாய், நினைவிருக்கிறதா? “அப்பா ஏன் எப்பவும் இந்தப் பக்கமே நடக்கறீங்க?” என்பாய். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நான் யாருடன் நடந்தாலும் அவர்களுக்கு இடப்பக்கம்தான் நடப்பேன். நீ வேண்டுமென்றே ஓடி மாறி நிற்பாய், நான் சுற்றி வந்து மறுபடி உன் இடப்பக்கம் சேர்ந்துகொள்வேன். உன் அம்மா, “உங்கப்பாவுக்குக் கல்யாணத்தன்னிக்கே பக்கம் மாறிப் போச்சு, ஐயர் திட்டித் திட்டிச் சலிச்சிட்டார்” என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவேன். அவளிடமும் சொன்னதில்லை. சொல்லாமலேயே அவளை அனுப்பிவைத்துவிட்டேன்.

ஜப்பான்காரன் காலம். எங்கள் வீடு மலாக்கா காஜா பெராங்கில் முனிசிபல் கூலிகளின் லயத்தில் இருந்தது. உன் தாத்தா ரோட்டு வேலை. வேலை முடிந்து வந்தால் இடுப்பு வாரைக் கழற்றுவார். என்ன தப்பு என்று கேட்கக்கூடாது. கேட்டால் அதுவே தப்பு. நான் அங்கே வாங்கியதைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவைத்தேன். பக்கத்தில் இருந்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை அவர்கள் ஜப்பான் பள்ளிக்கூடமாக்கி, தமிழ்ப் பள்ளியில் படித்த எங்களையும் அதிலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது, வயதுக்கு மீறின உடம்பு. முத்து என்று ஒருவனும் இன்னும் இரண்டு பேரும் என் பின்னால் சுற்றுவார்கள். எங்களுக்குக் கிடைத்தவன் சொக்கலிங்கம். சொக்கன் என்போம்.

சொக்கன் மலாக்கா செட்டிப் பையன். லயத்தில் இருந்து நடந்துபோகிற தூரத்தில் அவர்கள் குடியிருந்த கம்பம், கிராமம் மாதிரி. எங்களைப் போலவே நெற்றியில் விபூதி, எங்களைப் போலவே மாரியம்மன், பெயர் கேட்டால் எங்களைவிட நல்ல தமிழ்ப் பெயர். ஆனால் வாயைத் திறந்தால் மலாய். அவன் அம்மா மலாய்க்காரிகள் மாதிரி கெபாயாச் சட்டை போட்டுச் சாரோங் கட்டுவாள். நூற்றுக்கணக்கான வருஷமாக அவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது அது எங்களுக்கு ஒரு வேடிக்கை. “டேய், தமிழனா நீ? எங்க, வாழைப்பழம்னு சொல்லு!” என்போம். அவன் “வாளப்பளம்” என்பான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறோம், அது வேறு. அவன் சொன்னால் மண்டையில் ஒரு குட்டு. மறுபடி சொல்லச் சொல்லுவேன். மறுபடி குட்டு. அவன் அழமாட்டான். தலையைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு முறை முயற்சி செய்வான். அதுதான் எனக்கு எரிச்சல். அழுதிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

பள்ளியில் தினமும் காலையில் வரிசையாக நின்று கிழக்கே திரும்பி, அவர்களுடைய சக்கரவர்த்தி இருக்கிற திசைக்கு இடுப்பு வளைய வணக்கம் சொல்ல வேண்டும். நிமிரச் சொல்லும்வரை அசையக்கூடாது. ஒருநாள் மாமரத்தில் முசிறு எறும்புகள் இலையைப் பின்னிக் கட்டியிருந்த கூட்டை ஒடித்து ஒளித்து வைத்துக்கொண்டேன். எல்லாரும் குனிந்திருக்கும்போது முன்னால் நின்ற சொக்கனின் சட்டைக் கழுத்துக்குள் போட்டுவிட்டேன். பாவம், எவ்வளவு நேரம் பொறுத்தான் என்று நினைக்கிறாய்? முதுகு துடிக்கத் துடிக்கப் பொறுத்தான். கடைசியில் ஒரு துள்ளு துள்ளிவிட்டான். சென்செய், அதுதான் அவர்கள் வாத்தியாருக்குச் சொல்கிற பெயர், வந்து அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். சொக்கன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு தெரியாது என்று தலையாட்டினான்.

யாரும் வாய் திறக்காததால் அவன் வரிசை, என் வரிசை இரண்டுக்கும் தண்டனை. அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பட்டாளத்தில் இருந்து கொண்டுவந்த வழக்கம் என்பார்கள். வரிசைகளை எதிரெதிரே நிறுத்தி, ஒருவனை ஒருவன் அறையச் சொல்வார்கள். மெதுவாக அறைந்தால் சென்செய் வந்து எப்படி அறைவது என்று அறைந்தவன் கன்னத்திலேயே காட்டுவார். அதனால் பழகின பையன்கள் கையைக் குழித்துச் சத்தம் மட்டும் வருகிற மாதிரி அடிக்கக் கற்றுவைத்திருந்தோம். எனக்கும் அது நன்றாகத் தெரியும். அன்றைக்கு எனக்கு எதிரே நின்றவன் சொக்கன். முதலில் அவன் முறை. பூவால் தொடுகிற மாதிரி தொட்டான். சென்செய் அவனுக்கு ஒன்று காட்டிவிட்டுப் போனார். அப்புறமும் அப்படியே தொட்டான். பிறகு என் முறை. முத்துவும் மற்றவர்களும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைக் குழிக்கவில்லை. விரித்த கையால், தோளில் இருந்து வீசி இரண்டு அறை அறைந்தேன். இடக் காதோடு சேர்த்து. அவன் உட்கார்ந்துவிட்டான். சென்செய் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். வெட்கம் கெட்டவன், எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

அதற்கப்புறம் சில மாதத்தில் லயத்துக்கு லாரி வந்தது. சயாமில் ரயில் ரோட்டு வேலை, மூன்று மாதம், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றார்கள். உன் தாத்தாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. இதையெல்லாம் உனக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. லாரி திரும்பி மறைந்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி சாயங்காலம் வார் இல்லை என்ற நிம்மதி. பசி வந்த பிறகுதான் அப்பா ஞாபகம் வந்தது. அம்மாவுக்குக் கால் வீங்கிப்போய் எழுந்திருக்க முடியவில்லை. மரவள்ளிக் கிழங்குக்கே வழி இல்லாமல் போயிற்று. பசித்த பயலுக்கு யார் பயப்படுவார்கள்? முத்துவும் மற்றவர்களும் மெல்ல விலகிப் போனார்கள்.

பொங்கலுக்கு முதல் நாள், போகியன்று, எங்கள் அடுப்பில் ஒன்றும் இல்லை. தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு எங்கிருந்தோ மீன் பொரிக்கிற வாசனை வந்தது. வாசனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம் செட்டிகள் கம்பம். ஒரு வீட்டில் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தரையில் வரிசையாக வாழையிலைகள். சாம்பிராணிப் புகை. இலைகளில் அவித்த கிழங்கு, கீரை, விரல் நீளத்துக்குப் பொரித்த மீன். ஆள் ஒருவரும் இல்லை. அவர்கள் வழக்கத்தில் அதற்குப் பார்ச்சு என்று பெயர். செத்துப்போன முன்னோர்களுக்குப் படைத்துவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று அந்த வீட்டில் எல்லாரும் சற்று நேரம் வெளியே போய்விடுவார்கள். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். இருக்கிறவனுக்கே சோறு இல்லாத காலத்தில் செத்தவனுக்கு இலையா? உட்கார்ந்து முதல் இலையில் கையை வைத்தேன்.

பின்கட்டில் இருந்து சொக்கன் வந்து நின்றான். வாயில் மீனோடு நான். அவன் வீடு அது என்று அப்போதுதான் தெரிந்தது. கூச்சல் போடப் போகிறான் என்று எழுந்து ஓடப் பார்த்தேன். அவன் கிட்டே வந்து, தெரிந்த தமிழில் சொன்னான். “அது தாத்தா இலை. தாத்தா ரொம்பக் கோபம். நீ இந்த இலை சாப்பிடு. இது சின்ன மாமா. மாமா கோபம் இல்லை.” இரண்டாவது இலையை என் பக்கம் தள்ளினான். அதற்குள் அவன் அம்மா உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே அவன் தங்கை மீனா, ஆறு வயதிருக்கும். சொக்கன் மலாயில், “நான்தான் கூப்பிட்டேன், மாக்” என்றான். அவள் காலியான இலையைப் பார்த்தாள், என் விலா எலும்பைப் பார்த்தாள். “இந்த வருஷம் அவங்களுக்கும் பசி போல இருக்கு” என்று மலாயில் சொல்லிவிட்டு, “மாரி, மக்கான்” என்று என்னை உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னாள். போகும்போது அம்மாவுக்கு என்று இலையில் கட்டியும் கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். நான் பேசினால் சொக்கன் கழுத்தைத் திருப்பி வலக்காதைக் காட்டினான். “ஏன்டா கோழி மாதிரி திரும்பற?” என்று கேட்டேன். இடக்காதைத் தொட்டு, “இது மூடிடுச்சு” என்றான். “எப்ப?” என்றேன். அவன் என்னைப் பார்த்தான். அன்று எறும்புக்காகப் பார்த்த அதே பார்வை. அம்மாவிடம் ஆற்றில் முங்கிக் குளித்தபோது தண்ணீர் போய்ச் சீழ் பிடித்துவிட்டது என்று சொல்லியிருந்தான். நான் கொன்றுபோட்ட காதை அவன் ஆற்றின்மேல் பழி போட்டு மறைத்திருந்தான்.

மறுநாளில் இருந்து நான் அவனுக்கு இடப்பக்கம் நடக்க ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை, எங்கள் வீட்டில் அந்த வார்த்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. தெரிந்ததைச் செய்தேன். அவன் அம்மா கிழங்குப் பலகாரம் செய்து கூடையில் கொடுப்பாள். இரண்டு பேரும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனில் ஒரு மரைக்காயர் கடையில் கொண்டுபோய்க் கொடுப்போம். பாலத்து முனையில் ஜப்பான் காவல்காரன் துப்பாக்கியோடு நிற்பான். அவனைக் கடக்கிற யாரும் நின்று குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். அவன் கூப்பிட்டால் உடனே நிற்க வேண்டும். சொக்கனுக்கு இடப்பக்கத்தில் இருந்து வருகிற எதுவும் கேட்காது. அதனால் நாங்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். நான் அவன் முழங்கையை ஒருமுறை அமுக்கினால் நின்று குனி. இருமுறை அமுக்கினால் பின்னால் வண்டி, ஒதுங்கு. நாலைந்து மாதம் அவனுக்கு நான்தான் இடக்காது. தம்பி, என் ஆயுசில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். அவன் எனக்கு மலாய் கற்றுக்கொடுத்தான், நான் அவனுக்குக் கரித்துண்டால் அ, ஆ எழுதிக் காட்டினேன். குட்டு இல்லாமல் சொல்லிக்கொடுத்தால் அவனுக்கு எல்லாம் சீக்கிரம் வந்தது.

இப்போது எழுதப்போவதற்கு இரண்டு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

ஒரு காலையில் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் முத்துவும் அந்த இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முத்து, “டேய், செட்டியோட காது வருதுடா!” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். “அவனுக்கு நீ காது, உனக்கு அவன் சோறு. நல்ல பொழப்புடா!” என்றான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் அப்படிச் சுட்டது. ஒரு வருஷம் முன்னால் என் நிழலுக்குப் பயந்தவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் சொக்கனிடம், “நீ முன்னால போ, நான் வரேன்” என்றேன். அவன் வலக்காதைத் திருப்பி, “வரல?” என்று கேட்டான். “போடா, வரேன்” என்றேன். கொஞ்சம் தூரம் போனவன் திரும்பி நின்றான். என்ன நினைத்தானோ, கையைத் தூக்கி, “வாழைப்பழம்!” என்று சத்தமாகச் சொன்னான். ழகரம் அவ்வளவு சுத்தம். வீட்டில் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். முத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை, நானும் சிரித்தேன். சொக்கன் என்னைச் சிரிக்கவைத்துவிட்ட சந்தோஷத்தில் திரும்பி நடந்தான்.

வழக்கமாகக் காவல்காரன் நிற்பது வலப்பக்கம். அவன் இருந்திருந்தால் சொக்கனுக்குக் கண்ணிலேயே பட்டிருப்பான். அன்றைக்கு அந்த இடத்தில் யாரும் இல்லை. இடப்பக்கம், மூட்டை அடுக்கின மறைப்பில் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். சொக்கன் வலப்பக்கம் பார்த்தான், ஆள் இல்லை, நடந்தான். இடப்பக்கத்தில் இருந்து ஒரு அதட்டல். எங்கள் எல்லாருக்கும் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. முத்து என் கையைப் பிடித்து, “இரு இரு, இப்ப வாங்கப் போறான் பாரு” என்றான். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். ஓடிப்போய் அவன் முழங்கையைத் தொட்டிருக்கலாம், இந்த வாசலில் இருந்து நம் கேட் இருக்கிற தூரம்தான். இரண்டு அறை வாங்குவான், எங்களுக்குச் சிரிக்க ஒரு விஷயம் கிடைக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். பசங்க விளையாட்டு. இரண்டாவது அதட்டல். சொக்கன் கூடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். காவல்காரன் எழுந்து வந்து துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, கட்டையால் பின்மண்டையில் அடித்தான்.

பலகாரம் ரோட்டில் சிதறிற்று. முத்துவும் மற்றவர்களும் ஓடினார்கள். நானும் ஓடினேன். இதை நன்றாகப் படித்துக்கொள், உன் அப்பா ஓடினான். யாரோ ஒரு மாட்டுவண்டிக்காரர்தான் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கம்பத்தில் சேர்த்தார்.

இரண்டு நாள் உயிரோடு இருந்தான். நான் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் உள்ளே போனபோது முடிந்திருந்தது. அவன் அம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “காய்ச்சல் விட்டுச்சா?” என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொக்கன் அவளிடம், எனக்குக் காய்ச்சல், அதனால்தான் அன்றைக்கு நான் அவனோடு வரவில்லை என்று சொல்லியிருக்கிறான். மண்டை உடைந்து கிடக்கிறபோது அந்தப் பயல் யோசித்த பொய் அது. அவள் அழுதுகொண்டே சொன்னாள்: “நீ பக்கத்துல இருந்திருந்தா என் பிள்ளை செத்திருக்க மாட்டான்.” பாசத்தில் சொன்னாள், தம்பி. வாரால் அடித்த அப்பா, அறைந்த சென்செய், யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

அடுத்த போகிக்கு அவள் புதிதாக ஓர் இலை போட்டாள். “இது அவன் இலை, நீ பரிமாறு” என்றாள். அந்த வருஷத்தில் இருந்து ஒவ்வொரு போகிக்கும் நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சொக்கன் இலைக்குப் பரிமாறினேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் பழைய சிநேகிதன் வீட்டுக்கு என்பேன். அவள் பார்த்துப் பார்த்து என்னைக் கொண்டாடினாள், என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தாள், நீ பிறந்தபோது உனக்கு அரைஞாண் கொண்டுவந்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிற்று. போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள், அப்போதும் நான் சொல்லவில்லை.

நேற்று போகி. பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த நாள் முதல் எனக்குத் தூக்கம் இல்லை. மீனாதான் இப்போது அந்த வீட்டில் பார்ச்சு படைக்கிறாள். வழக்கம்போல, “வாங்க அபாங்” என்றாள்; அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள். இலைகளைப் போட்டுவிட்டுக் கரண்டியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்காமல், “உட்காரும்மா, ஒன்று சொல்லணும்” என்றேன். பாலத்தை, காய்ச்சலை, சிரித்ததை, ஓடினதைச் சொன்னேன். காதையும் சொன்னேன். உனக்கு மேலே எழுதியதில் நான் ஒன்றை மறைத்துவிட்டேன், தம்பி. மீனாவிடம் மறைக்கவில்லை, அதனால் உன்னிடமும் மறைக்கக்கூடாது. இரண்டு அறை என்று எழுதினேன். மூன்று. இரண்டாவது அறையோடு சென்செய் “யாமே!” என்றார். நிறுத்து என்று அர்த்தம். எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் காது நன்றாகத்தானே இருந்தது. மூன்றாவது அறையை யாரும் சொல்லி நான் அடிக்கவில்லை. ஜப்பான்காரன் சொன்னான், கட்டாயம், காலம் அப்படி என்று எனக்கு நானே நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டது முதல் இரண்டு அறைக்குத்தான் செல்லும். அவன் உட்கார்ந்தது மூன்றாவதில்.

மீனா திட்டுவாள், அழுவாள், ஒருவேளை இவ்வளவு வருஷம் கழித்து மன்னித்தும் விடுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனவன் நான். அவள் எழுந்து கரண்டியை எடுத்துக்கொண்டாள். “இனிமே அவனுக்கு நாங்களே பரிமாறிக்கிறோம்” என்றாள். அபாங் என்று சொல்லவில்லை. கதவுவரை வந்து என் செருப்பைக்கூட எடுத்து வைத்தாள், மரியாதை தெரிந்தவள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. வயிறார உட்காரவைத்த வீட்டில் கடைசியில் எனக்குக் கதவு சாத்தியதுதான் முறை. அவள் அம்மா இருக்கும்போதே அது நடந்திருக்க வேண்டும். அந்த ஒரு தைரியத்தை நான் அந்தத் தாய்க்குத் தரவில்லை.

இப்போது உனக்கு வருகிறேன். அன்றைக்கு நீ, “பசங்கன்னா அப்படித்தான்” என்றபோது எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, பயம் வந்தது. பாலத்தில் முத்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன தொனி அது. குமரன் கெட்டவன் இல்லை. நானும் கெட்டவனாகப் பிறக்கவில்லை. அவனுக்குப் பசி இல்லை, வார் இல்லை, துப்பாக்கியோடு நிற்கிற காவல்காரன் இல்லை, சென்செய் இல்லை. அவனை யாரும் அறையச் சொல்லவில்லை. அவன் அறைந்தது எல்லாமே மூன்றாவது அறை. நீ அவன் தலையைத் தட்டிச் சிரித்தது, சென்செய் என் தோளைத் தட்டியது மாதிரி இருந்தது. கசக்கிறதா? கசக்கட்டும். நான் இதுவரை உனக்கு இனிப்பாகவே வாங்கிக்கொடுத்துக் கெடுத்துவிட்டேன்.

அந்தப் பையன் வீடு புக்கிட் பாருவில் என்று தலைமையாசிரியர் சொன்னார், எந்த வரிசை என்றுகூடச் சொன்னார். நீ கவனித்திருக்க மாட்டாய், நான் எழுதி வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டுவது இருக்கட்டும். இன்றைக்குப் பொங்கல், வேலைக்கு லீவு போடு. குமரனைக் கூட்டிக்கொண்டு போ. என்னையும் கூட்டிக்கொண்டு போ, கால் வலிக்கிறது என்று நான் சொன்னாலும் விடாதே. அவர்கள் கதவைத் திறக்காமல் போகலாம். திட்டலாம். குமரனுக்கு அந்தப் பையனின் அம்மா ஒன்று கொடுக்கவும் கொடுக்கலாம், வாங்கிக்கொள்ளட்டும். அவன் தன் வாயால், திக்கினாலும் பரவாயில்லை, தான் செய்ததைத் தானே சொல்ல வேண்டும். எனக்காக ஒருவன் ஆற்றின்மேல் பழி போட்டான், காய்ச்சல் என்று பொய் சொன்னான், நான் அதற்குள் புகுந்துகொண்டு பிழைத்தேன். குமரனுக்கு அந்த வேலையை நீ செய்யாதே.

போனதும் முதல் வேலையாக அந்தப் பையனுக்கு எந்தக் காது என்று கேட்கச் சொல். கேட்டுவிட்டு, மறுபக்கம் போய் நின்று பேசச் சொல்.

அப்பா